புரிந்ததா என்று கேட்காதீர்கள்

கல்லூரி அறிவியல் வகுப்புகளில் ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை வருவித்து முடித்ததும் ஆசிரியர் திரும்பி நின்று, "புரிஞ்சுதா?" என்பார். முன்வரிசை தலையாட்டும். "புரிஞ்சுது சார்" என்று நாலைந்து குரல்கள் எழும். ஆசிரியர் அடுத்த பகுதிக்குப் போய்விடுவார். அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்ல ஒரு மாணவருக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தனக்குப் புரியவில்லை என்பது முதலில் தனக்கே தெரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் இடறுகிறது என்று சுட்டிக்காட்டத் தெரிய வேண்டும். அறுபது பேர் திரும்பிப் பார்க்கையில் அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு வேண்டும். பல வகுப்புகளில் அதை ஆங்கிலத்தில் சொல்லவும் வேண்டும். இவ்வளவும் கைவந்தவர் ஏற்கெனவே பாதி புரிந்துகொண்டவராகத்தான் இருப்பார். மற்றவர்களிடம் நாம் எதையுமே கேட்கவில்லை.

நான் இயற்பியல் கற்பிப்பவன். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள். தங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆட்கள். விசை, முடுக்கம், உந்தம் என்று பேசிப் பழகிய பிள்ளை, முதல் செமஸ்டரின் முதல் வாரத்திலிருந்து ஃபோர்ஸ், ஆக்ஸிலரேஷன், மொமென்டம் என்று கேட்கத் தொடங்குகிறது. கருத்து அதேதான், ஆனால் அதைப் பற்றி வாய் திறக்க அதனிடமிருந்த மொழி போய்விடுகிறது. வகுப்பு அமைதியாகிறது. அந்த அமைதியை ஒழுக்கம் என்று மெச்சும் துறைத்தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்கறையின்மை என்று சலித்துக்கொள்ளும் ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் தவறு என்பது என் கட்சி. அந்த அமைதி, வகுப்பை நாம் நடத்தும் முறையிலிருந்து பிறப்பது. முறையை மாற்றினால் அது கலையும். கடந்த நாற்பது ஆண்டுகளில் இதற்கு வலுவான சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. நம் ஆசிரியர் அறைகளில் அவை பேசப்படுவதில்லை.

எரிக் மசூரின் கதையிலிருந்து தொடங்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1984 முதல் இயற்பியல் கற்பித்தவர். மாணவர்கள் அவருக்கு நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். கடினமான கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டனஸும் 1985-ல் வெளியிட்ட ஆய்வுகள் அவர் கண்ணில் பட்டன. இயற்பியல் படித்துத் தேறும் மாணவர்களில் பலர், இயக்கத்தைப் பற்றி வகுப்புக்குள் நுழையும்போது வைத்திருந்த அதே நம்பிக்கைகளுடன்தான் வெளியே போகிறார்கள் என்று அவை சொல்லின. அதைச் சோதிக்க அவர்கள் வைத்த கேள்விகளில் கணக்கே கிடையாது, அன்றாடப் பேச்சில் இருக்கும். அந்த வகையில் ஒன்று: கனமான லாரியும் சிறிய காரும் மோதிக்கொள்கின்றன. லாரி காரின்மீது செலுத்தும் விசை பெரிதா, கார் லாரியின்மீது செலுத்தும் விசை பெரிதா?

ஹார்வர்டு மாணவர்களுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு என்றுதான் மசூர் நினைத்தார். தேர்வைக் கொடுத்தபோது ஒரு மாணவர் எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டார். கல்வி பற்றி எழுப்பப்பட்ட கேள்விகளில் இதைவிட நேர்மையானதை நான் அறியேன். பரீட்சைக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று என்று ஒரே தலைக்குள் இரண்டு இயற்பியல்களை வைத்துக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

லாரியையும் காரையும் பேருந்தாகவும் பைக்காகவும் மாற்றி நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பிள்ளைகள், "பஸ்ஸுதான் சார் அதிகமா அடிக்கும், பைக்கு நொறுங்கிப் போவுதே" என்பார்கள். விசை இரண்டின்மீதும் சமம். நிறை குறைந்த பைக்கின் முடுக்கம் பல மடங்கு அதிகம், அதனால்தான் அது நொறுங்குகிறது. ஆனால் அந்தப் பதிலை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் வளர்ந்த பிள்ளைகள் விபத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். விளைவைப் பார்த்து அதற்கு விசை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாடம் தொடங்க வேண்டிய இடம் அந்தப் பதில். புத்தகத்தின் வரையறையிலிருந்து தொடங்கும் வகுப்பு அதைத் தொடாமலேயே மூன்று ஆண்டுகளையும் கடந்துவிடும்.

மசூர் அந்தத் தேர்வின் விடைகளை வகுப்பில் விளக்கினார். படம் போட்டு, சமன்பாடு எழுதி, திரும்பத் திரும்ப விளக்கினார். முகங்கள் வெறுமையாகவே இருந்தன. வேறு வழி தெரியாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்றார். அரங்கம் இரைச்சலானது. சில நிமிடங்களில் அவர்களே சரியான விடைக்கு வந்துவிட்டார்கள். 1991-லிருந்து அவர் இதையே தன் முறையாக்கிக்கொண்டார். 1997-ல் அதைப் பற்றிய புத்தகம் வந்தது. அவர் சொல்லும் காரணம் எனக்கு ஏற்புடையது. ஒரு கருத்தைச் சற்றுமுன் புரிந்துகொண்ட மாணவருக்கு எந்த இடத்தில் வழுக்கும் என்பது இன்னும் நினைவிருக்கும். இருபது ஆண்டுகளாக அதைக் கற்பித்துவரும் பேராசிரியருக்கு அது மறந்தே போயிருக்கும்.

தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார், அவ்வளவுதானே என்று ஒரு ஐயம் எழும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஸ்மித்தும் சகாக்களும் மரபியல் வகுப்பொன்றில் இதைச் சோதித்து 2009-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஒரு கேள்விக்குத் தனித்தனியாக விடை, பிறகு பேச்சு, மறுபடி விடை, பிறகு அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் இரண்டாவது கேள்விக்குத் தனியாக விடை. குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் விடை தெரியாத இடங்களிலும் பேசிய பிறகு பிள்ளைகள் மேலே வந்தார்கள். அதாவது அங்கே விடை கைமாறவில்லை. பேச்சில் யோசனை பிறந்தது.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வி. ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அவரவர் நோட்டில் விடையை எழுத வேண்டும். எழுதாவிட்டால் பக்கத்தில் இருக்கும் கெட்டிக்காரரின் விடையே எல்லோருடைய விடையும் ஆகிவிடும். பிறகு நெஞ்சோடு சேர்த்து விரல் காட்டச் சொல்ல வேண்டும், ஒன்று முதல் நான்குவரை. ஆசிரியருக்குத் தெரியும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, யாருக்கும் அவமானமில்லை. ஏறக்குறைய எல்லோரும் சரி என்றால் மேலே போகலாம். ஏறக்குறைய எல்லோரும் தவறு என்றால் கொஞ்சம் விளக்கிவிட்டுத் திரும்பக் கேட்கலாம். இடைப்பட்ட நிலையில்தான் பேச்சு பலன் தரும். "வேற விடை எழுதின ஆளைத் தேடிப் பிடிச்சு, ஏன்னு கேளுப்பா" என்று சொல்லிவிட்டால் போதும். பணக்காரக் கல்லூரிகளில் இதற்கென்று ரிமோட் போன்ற மின்கருவிகளை வாங்கி வைத்திருக்கிறார்கள். நாதனியேல் லஸ்ரி என்ற கனடா நாட்டு ஆசிரியர், அந்தக் கருவியையும் வெறும் காகித அட்டையையும் ஒப்பிட்டு 2008-ல் எழுதினார்: கற்றலில் வேறுபாடு இல்லை.

பேச்சு தமிழில் நடக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆங்கிலம் பழகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு இதைத் தடுப்பவர்கள் இருக்கிறார்கள். யோசிக்கும்போது ஒரு மொழி, எழுதும்போது இன்னொரு மொழி என்பதில் குற்றமில்லை. "மேல போய் ஒரு செகண்ட் நிக்குதுல்ல, அப்ப ஆக்ஸிலரேஷன் ஜீரோதானே?" "நின்னுச்சுன்னா அப்புறம் ஏன்டீ கீழ வருது?" எறிந்த பந்தின் உச்சிப்புள்ளியில் முடுக்கம் என்ன என்பதைப் பற்றிய இந்த உரையாடலில் இருக்கும் இயற்பியல் எந்த ஆங்கிலப் பாடநூலுக்கும் குறைந்ததில்லை. பேசி முடித்தபின் அதை ஆங்கிலத்தில் இரண்டு வரியாக எழுதச் சொல்லலாம். கருத்து கையில் இருக்கும்போது வாக்கியம் அமைப்பது அவ்வளவு கடினமில்லை. கருத்தும் இல்லாமல் மொழியும் இல்லாமல் தவிக்கும்போதுதான் பிள்ளைகள் நோட்ஸை மனப்பாடம் செய்யப் போகிறார்கள்.

கேள்வி நன்றாக அமைய வேண்டும், அதுதான் கடினம். தாவரவியலில் எனக்குப் பிடித்த கேள்வி இது: வேப்பங்கொட்டை ஒரு கிராம்கூட இராது, அதிலிருந்து வளர்ந்த மரம் டன் கணக்கில் எடை. அந்த எடை எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து, உரத்திலிருந்து, தண்ணீரிலிருந்து என்று பதில்கள் வரும். காற்றிலிருந்து என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைச் சமன்செய்து எழுதியவர்களும் சிரிப்பார்கள். காய்ந்த மரத்தின் எடையில் பெரும்பங்கு காற்றின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது என்பதை அந்தச் சமன்பாட்டில் அவர்கள் பார்த்ததே இல்லை. இந்த இடத்தில் பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட்டைச் சொல்லலாம். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 160 பவுண்டுக்குமேல் கூடியிருந்தது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்தார். கரி எரியும்போது வரும் வாயுவைத் தனியாக அடையாளம் கண்டு எழுதியவர் அவர். அந்த வாயுதான் மரமாகியது என்பது அவருக்கே தட்டுப்படவில்லை. அவர் இறந்தபின் 1648-ல் வெளியான நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. தங்கள் தவறுக்கு இப்படியொரு மூதாதை உண்டு என்று தெரிந்ததும் பிள்ளைகளின் முகம் மாறும்.

நாம் மேடைப்பேச்சில் மயங்கும் சமூகம். நல்ல ஆசிரியர் என்றால் நன்றாகப் பேசுபவர் என்றே நினைக்கிறோம். தங்குதடையின்றி ஒரு மணி நேரம் பேசி, கடைசி நிமிடத்தில் சமன்பாட்டை முடித்து, மணியடிக்கும்போது சாக்பீஸை வைத்துவிட்டுப் போகும் ஆசிரியரைப் பற்றிப் பழைய மாணவர்கள் உருகிப் பேசுவார்கள். அந்த ஆசிரியர்மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஹார்வர்டில் லூயி டெலோரியேயும் சகாக்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வை அவர்கள் படிக்க வேண்டும். ஒரு குழு தேர்ந்த விரிவுரையைக் கேட்டது. இன்னொரு குழு அதே பாடத்தைத் தாங்களே சிறுகுழுக்களாகக் கணக்குப் போட்டுப் பழகியது. அடுத்த பாடத்துக்குக் குழுக்கள் இடம் மாறின. விரிவுரை கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வு வைத்தபோது அதிகம் கற்றிருந்தவர்கள் மற்றவர்கள். சரளமான பேச்சைக் கேட்கும்போது நமக்கே எல்லாம் புரிந்துவிட்டதாக ஒரு நிறைவு வருகிறது. தானே முட்டிமோதும்போது தோற்பதுபோல் இருக்கிறது. இதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், "சார் பாடமே நடத்த மாட்டேங்கிறார்" என்ற புகார் முதல்வர் அறைக்குப் போகும்.

இது ஒரு வகுப்பின் கதையல்ல. அறிவியல், பொறியியல், கணிதப் படிப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் 2014-ல் வெளியிட்டார்கள். விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்கள் பங்கெடுத்த வகுப்புகளில் 21.8. நம் பிள்ளைகளின் மொழியில் சொன்னால், நூறு பேர் வகுப்பில் இன்னும் பன்னிரண்டு பேருக்கு அரியர் இல்லை. 2020-ல் எல்லி தியோபால்டும் சகாக்களும் இன்னொரு தொகுப்பாய்வு செய்தார்கள். ஏழைப் பிள்ளைகள், ஒதுக்கப்பட்ட இனங்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஆகியோருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி இத்தகைய வகுப்புகளில் 33 சதவீதம் குறைந்தது. தேர்ச்சியில் இருந்த இடைவெளி 45 சதவீதம் குறைந்தது. ஒரு நிபந்தனையும் அதில் உண்டு. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை இப்படிச் செலவிட்ட இடங்களில்தான் இடைவெளி குறைந்தது. எப்போதாவது ஒரு வினாடி வினா வைத்துவிட்டு நாங்களும் செய்கிறோம் என்று சொல்வதில் பயனில்லை.

யூரி டிரைஸ்மனைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 1970களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றார்கள்; சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்றார்கள். இந்தப் பட்டியலை நம் ஆசிரியர் அறைகளில் கேட்காத நாள் உண்டா? டிரைஸ்மன் அந்தக் காரணங்களை நம்பிவிடாமல், இரு தரப்பிலும் இருபது இருபது மாணவர்களைத் தேர்ந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்தார். நூலகத்துக்கும் விடுதிக்கும் வீட்டுக்கும் போனார். நான்கு காரணங்களும் பொய்த்தன. கறுப்பின மாணவர்கள் தத்தம் பள்ளிகளின் தலைசிறந்தவர்கள். வீட்டில் ஆதரவு நிறைய. ஆசிரியர் சொன்ன நேரம் தவறாமல் படித்தார்கள். தனியாகப் படித்தார்கள் என்பதுதான் வேறுபாடு. கணக்கு வராதபோது அது தன் குறை என்று எடுத்துக்கொண்டார்கள். சீன மாணவர்கள் தனியாகப் படித்தபின் மாலையில் கூடினார்கள். ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார். பழைய வினாத்தாள்களை வைத்து ஒருவரையொருவர் கேட்டார்கள். எல்லோருக்கும் வராத கணக்கு என்றால், கணக்குதான் கடினம் என்று தெரிந்துகொண்டார்கள்.

அதன்பின் டிரைஸ்மன் செய்ததுதான் முக்கியம். தோற்பவர்களுக்கென்று எளிமையாக்கப்பட்ட தனிவகுப்பு எதையும் அவர் தொடங்கவில்லை. தேர்ந்த மாணவர்களுக்கான சிறப்புப் பயிலரங்கம் என்று அறிவித்து, பாடத்தில் இருப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்காரவைத்தார். கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. நம் கல்லூரிகளில் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்கென்று 'ஸ்லோ லேர்னர்', 'அட்வான்ஸ்டு லேர்னர்' என்று இரண்டு பட்டியல்கள் தயாராகின்றன. முதல் பட்டியலுக்கு மாலை வகுப்பு. அதில் பழைய நோட்ஸையே மெதுவாக வாசிக்கிறார்கள். மெல்லக் கற்பவர் என்று கோப்பில் எழுதப்பட்ட பிள்ளை, அந்த மாலையில் தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும்? அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் பலர் கல்லூரி முடிந்ததும் துணிக்கடைக்கோ பெட்ரோல் பங்குக்கோ வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய நேரம்தான் குறைவு. அதைப் புத்திக் குறைவு என்று பதிவு செய்வது அநீதி.

யார் பேசுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ 1970களில் பள்ளி வகுப்புகளில் அளந்தார். ஏறக்குறைய ஒரு வினாடி. அதை மூன்று வினாடியாக்கியபோது பதில்கள் நீண்டன; அதுவரை வாய் திறக்காதவர்கள் பேசினார்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு மூன்று வினாடியும் போதாது, பத்து கொடுங்கள். இன்னொரு ஆய்வு, 2014-ல் சாரா எடியும் சகாக்களும் செய்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் 23 உயிரியல் வகுப்புகள். மாணவர்களில் 60 சதவீதம் பெண்கள். ஆசிரியரின் கேள்விக்குப் பதிலாக ஒலித்த குரல்களில் பெண்குரல் 40 சதவீதத்துக்கும் குறைவு. கைதூக்குபவரைக் கேட்பது நியாயமான முறைபோலத் தோன்றும், ஆனால் கைதூக்கும் துணிவு சமமாகப் பங்கிடப்படவில்லை. சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பது நல்லது. அப்போதும் தனியாளாக எழுப்பிவிடாமல், "நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டீங்கம்மா?" என்று கேட்டால், தவறான விடையின் சுமையை ஒருவரே தாங்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இந்தப் பேச்சு சாதியைத் தொடாமல் போக முடியாது. யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார் என்பது நம் வகுப்பறைகளில் தற்செயல் இல்லை. ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே பேருந்து என்று உட்காரும் பெஞ்சுக்குள் சாதியும் உட்கார்ந்திருக்கிறது. நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் அளித்த அறிக்கையில் பள்ளி மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. கல்லூரிக்கும் அது பொருந்தும். பக்கத்தில் உட்காரவைத்தால் மட்டும் போதாது, பேச ஒரு பொருளும் வேண்டும். உச்சிப்புள்ளியில் முடுக்கம் சுழியா இல்லையா என்று சண்டையிட்ட இருவர் மறுநாள் கேன்டீனில் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தும் ஒரு வார்த்தை பேசாமல் பிரிந்துபோகும் பிள்ளைகளை எண்ணும்போது, இது சிறிய காரியமும் இல்லை.

நாம் பேசும் முறையும் சிலரை வெளியே நிறுத்திவிடும். பார்வையற்ற மாணவருக்கு, கரும்பலகையைக் காட்டி "இதுல இருந்து இத கழிச்சா இது வரும்" என்று சொல்லும் பாடம் வெற்று ஒலி. எழுதும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாசித்துக்கொண்டே எழுதினால், அவருக்கும் பயன். கண்ணாடி வாங்க வசதியில்லாமல் கடைசி வரிசையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் பயன்.

ஆய்வகம் தனிக் கட்டுரைக்குரியது, ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். நான்கு பேருக்கு ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர். ஒருவர் சரிசெய்வார், ஒருவர் அளவு எடுப்பார், மற்ற இருவர் ரெக்கார்டு எழுதுவார்கள். மாணவிகள் எழுத, மாணவர்கள் கருவியைத் தொடுவது வழக்கமாகிப்போயிருக்கிறது. வாரத்துக்கு வாரம் பொறுப்பு மாற வேண்டும் என்று பட்டியல் ஒட்டிவிட்டால் இது தீரும். அதைவிடப் பெரிய நோய், விடை தெரிந்த சோதனைகள். ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கண்டுபிடிக்கச் சொன்னால், 9.8-லிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவீடுகளை எழுதிவிடுவார்கள். அதே ஊசலைக் கொண்டு, மாடிப்படிக் கிணற்றில் தொங்கும் கயிற்றின் நீளத்தை அளவுகோல் இல்லாமல் சொல் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது மீட்டர் கயிறு ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 6 வினாடி எடுக்கும். கைக்கடிகாரம் போதும். எங்கே படித்தவராயினும், எந்த மொழியில் படித்தவராயினும், அந்தக் கயிற்றின் முன் எல்லோரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கெல்லி ஹோகன் கற்பித்த பெரிய உயிரியல் வகுப்பைப் பற்றிய ஆய்வும் (சாரா எடியோடு சேர்ந்து, 2014) எனக்கு முக்கியமானது. வகுப்புக்கு முன் வழிகாட்டும் கேள்விகளோடு வாசிப்பு, வகுப்பில் பயிற்சி, வாராவாரம் சிறு மதிப்பீடு என்று எல்லாவற்றையும் எழுதி ஒழுங்குபடுத்தினார். எல்லோருக்கும் பலன் கிடைத்தது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலான இடைவெளி பாதியானது. குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளி மறைந்தது. எதைப் படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும், எப்போது தொடங்க வேண்டும் என்பதை வீட்டில் ஓர் அண்ணனோ அத்தையோ சொல்லித்தரும் பிள்ளைக்கு இந்த ஒழுங்கு கூடுதல் வசதி. சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கு அதுதான் கல்லூரியே. தமிழ்நாட்டில் புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்புகின்றன. வகுப்பறைக்குள் அவர்களுக்காக என்ன செய்வது என்பது நம் பொறுப்பு.

போர்ஷன் முடியாது என்பார்கள். உண்மைதான், சில பகுதிகள் விட்டுப்போகும். அவற்றை வாசித்துவரச் சொல்லலாம். முடித்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதப்பட்ட போர்ஷனில் எவ்வளவு மாணவர் தலைக்குள் முடிந்தது என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் இதைப் பேச வேண்டும். இரண்டு ஷிஃப்ட் கல்லூரிகளில் நேரம் நெருக்கடியானது, கௌரவ விரிவுரையாளர்களின் ஊதியம் வேதனைக்குரியது, அவர்களிடம் இன்னும் உழைப்பைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் என் கோரிக்கையின் பெரும்பங்கு பாடத்திட்டக் குழுக்களுக்கு. வரையறு, விதியைக் கூறு, வருவி என்று மட்டும் கேட்கும் வினாத்தாள் இருக்கும்வரை, யோசிக்கப் பழக்கும் ஆசிரியர் மாணவருக்கு இடைஞ்சலாகவே தெரிவார். பருவத்தேர்வின் 75 மதிப்பெண்ணில் பதினைந்தையாவது பேருந்தும் பைக்கும் போன்ற, மனப்பாடத்தால் எழுத முடியாத கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். அவற்றுக்குத் தமிழிலும் விடை எழுத இடம் கொடுங்கள்.

இதை வாசிக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாடத்தில் பிள்ளைகள் ஆண்டுதோறும் இடறும் ஓர் இடம் உங்களுக்குத் தெரியும். அதை வைத்து நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வியை எளிய தமிழில் எழுதுங்கள். தவறான மூன்று விடைகளும் மாணவர்கள் உண்மையில் சொல்பவையாக இருக்கட்டும். வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பலன் கண்டால் பக்கத்துக் கல்லூரியில் அதே பாடம் எடுப்பவருக்கு அனுப்பிவையுங்கள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணிதம் என்று துறைக்கு ஐம்பது கேள்விகள் சேர்ந்தால், அடுத்த ஜூன் மாதம் புதிதாக வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் ஒருவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.